பாஞ்சாலங்குறிச்சிக் கணக்கு: 3,310 வராகன், 1,600 அடி மதில், 47 சென்ட் நிலம்

வரி கேட்ட வெள்ளைக்காரனைக் கட்டபொம்மன் எதிர்த்துக் கேட்ட வசனம் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு மனப்பாடம். 1959 மே மாதம் வந்த பி. ஆர். பந்துலுவின் படமும் சிவாஜி கணேசனின் குரலும் செய்த வேலை அது. ஆனால் கேட்ட வரி எவ்வளவு? அதில் கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு? இடிக்கப்பட்ட கோட்டை எத்தனை அடி? அதைத் திரும்பக் கட்ட எத்தனை நாள் ஆயிற்று? பின்னால் நினைவுச்சின்னம் எழுப்ப எவ்வளவு நிலம் பிடித்தது? பள்ளிக்கூடத்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுற்றுலா போய் வந்த பிள்ளையிடம் கேட்டால் வசனம் வருகிறது, எண் வருவதில்லை. எண் தெரிந்தால்தான் அந்த மண்ணில் நடந்த அநியாயத்தின் அளவு தெரியும். வரலாற்றுப் பதிவுகளில் இருக்கும் எண்களைப் பற்று வரவாக இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பாக்கி

1792 ஒப்பந்தத்தின் மூலம் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி தன் கைக்கு மாற்றிக்கொண்டது. 1798-இல் கட்டபொம்மன் பெயரில் கம்பெனி எழுதிவைத்த பாக்கி 3,310 வராகன். ஆங்கிலேயர் இதைப் பகோடா என்றார்கள்.

அந்த நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கம்பெனி சென்னையில் அடித்த நட்சத்திர வராகன் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஒரு பக்கம் பெருமாள் உருவம். மறுபக்கம் பொடிப் புள்ளிகள் நிரம்பிய பரப்பின் நடுவே ஒரு நட்சத்திரம். எடை சுமார் 3.4 கிராம், அதில் சுத்தத் தங்கம் ஐந்தில் நான்கு பங்கு. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. பின்னாளில் கம்பெனி தானே நிர்ணயித்த மாற்று விகிதம் 100 வராகனுக்கு 350 ரூபாய். இந்த நாணயத்தையே அளவாக வைத்தால்:

பாக்கி: 3,310 வராகன் = 11,585 ரூபாய் = சுமார் 9 கிலோ சுத்தத் தங்கம்.
பிறகு கட்டியது: 2,230 வராகன் = 7,805 ரூபாய்.
கடைசியில் நின்ற நிலுவை: 1,080 வராகன் = 3,780 ரூபாய் = 3 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த தங்கம்.

கேட்ட பாக்கியில் நூற்றுக்கு 67 பங்கைக் கட்டபொம்மன் செலுத்திவிட்டார். ஒரு காசும் தராத மனிதராக அவரை நாம் நினைத்துக்கொண்டிருப்பது நாடக மேடை கொடுத்த பதிவு. மூன்றில் இரண்டு பங்கு கட்டிய பிறகும் படை வந்தது. பதிவேடு சொல்லும் இந்த உண்மை வசனத்தைவிடக் கனமானது என்பேன்.

கம்பெனி பணமுடையில் இருந்ததா என்றும் பார்த்துவிடலாம். தூத்துக்குடிக் கடலுக்கு எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பு அப்போது சென்னையிலிருந்த கம்பெனி ஆட்சியின் கீழ் இருந்தது. 1798-இல் அதில் 1,92,000 பவுன் வருமானம் வந்ததாக ஒரு பதிவு உண்டு. தொகை கொஞ்சம் மிகையாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். வராகனுக்கு 8 ஷில்லிங் என்ற அக்காலக் கணக்கில் அது 4,80,000 வராகன். கட்டபொம்மனின் முழுப் பாக்கியைப் போல 145 மடங்கு. மிகை என்று பாதியைத் தள்ளிவிட்டாலும் 70 மடங்குக்கு மேல். ஒரே பருவத்து முத்தில் இவ்வளவு வாரியவர்களுக்கு 1,080 வராகன் ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது. மருது சகோதரர்களோடு சேர்ந்து உருவான கூட்டு, அண்டைப் பாளையங்களோடு இருந்த தகராறு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பணியாத பாளையக்காரன் ஒருவன் மற்றவர்களுக்கு முன்மாதிரியாகிவிடுவானோ என்ற அச்சம். படை நகர்ந்தது இவற்றுக்காகத்தான்.

நடையும் நாளும்

1798 ஆகஸ்ட் 18 அன்று கலெக்டர் ஜாக்சன் தன்னை வந்து பார்க்கும்படி கட்டபொம்மனுக்கு ஓலை அனுப்பினார். குற்றாலத்துக்குப் போனால் பேட்டி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் அங்கேயும் இல்லை. ஜாக்சன் முகாம் போட்ட ஊருக்கெல்லாம் பின்தொடர்ந்து, கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் சந்திக்க முடிந்தது. 23 நாளில் 400 மைல் என்று அந்தப் பயணத்துக்குக் கணக்குச் சொல்கிறார்கள். கிலோமீட்டரில் ஏறக்குறைய 640, நாளொன்றுக்கு 28. அப்படிப் போனவரைச் சுமார் 3 மணி நேரம் நிற்கவைத்தார்கள் என்பது வழக்கு. கைது செய்யப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து வெளியேறியபோது கோட்டை வாசலில் கைகலப்பு நடந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மனின் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசமேஜர் ஆகிய மூவர் குழு இதை விசாரித்தது. 1798 டிசம்பர் 15 அன்று கட்டபொம்மன் அதன் முன் நேரில் வந்து நடந்ததைச் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை என்று குழு தீர்மானித்தது. ஜாக்சன் பதவி இழந்தார், பிள்ளை விடுதலையானார். கம்பெனியின் சொந்தப் பதிவிலேயே இருக்கும் தீர்ப்பு இது.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத் தேதிவாரியாகப் பாருங்கள்.

1799 செப்டம்பர் 1: சரணடையச் சொல்லிக் கம்பெனிப் படையின் மேஜர் பானர்மன் விடுத்த இறுதி எச்சரிக்கை.
செப்டம்பர் 5: பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் படை வளைத்தது.
செப்டம்பர் 13: சிவசுப்பிரமணிய பிள்ளைக்கு நாகலாபுரத்தில் மரண தண்டனை.
அக்டோபர் 16: கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி ஒரு விசாரணை, அதன்பின் புளியமரத்தில் தூக்கு.

எச்சரிக்கையிலிருந்து தூக்குவரை 45 நாள். குழு முன் நின்ற நாளிலிருந்து தூக்குமரம்வரை 305 நாள். குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்ட மனிதர் ஓராண்டு முடியும் முன்பே கொல்லப்பட்டார். 1760 ஜனவரி 3-இல் பிறந்தவர், 1790 பிப்ரவரி 2-இல் பட்டத்துக்கு வந்தவர். வயது 39. ஆட்சி 9 ஆண்டு 8 மாதம்.

மண்

1799-இல் இடித்துத் தள்ளிய கோட்டையோடு கதை முடிந்தது என்று கம்பெனி நினைத்தது. ஆனால் 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். பிப்ரவரி 9 அன்று மேஜர் மெக்காலேயின் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்த்தபோது, தரைமட்டமாக்கப்பட்ட மதில் திரும்ப எழுந்து நின்றது. மேலே சுமார் 1,500 பேர் ஆயுதத்தோடு நின்றார்கள். அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுநூலில் இதை எழுதினார். 1881-இல் கால்டுவெல் தன் திருநெல்வேலி வரலாற்றில் அதை எடுத்தாண்டார்.

வெல்ஷ் தரும் அளவு இது: ஒழுங்கற்ற நீள்சதுரம். நீளப் பக்கம் சுமார் 500 அடி, அகலப் பக்கம் சுமார் 300 அடி. மதில் உயரம் பொதுவாக 12 அடி. முழுக்க முழுக்க மண், அதுவும் நன்றாக இறுகிப் பிடிக்கும் மண். சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள். சுற்றிலும் முள்வேலி. அகழி இல்லை.

இதை வைத்து ஒரு கொத்தனார் போடும் கணக்கைப் போடலாம். சுற்றளவு 1,600 அடி. உள்பரப்பு 1,50,000 சதுர அடி, அதாவது 3 ஏக்கர் 44 சென்ட். மதிலின் சராசரிப் பருமன் 5 அடி என்று குறைத்தே வைத்தாலும் 96,000 கன அடி மண். கன அடிக்கு 50 கிலோ என்றால் 4,800 டன். ஒரு கூடைக்கு 20 கிலோ என்று தலைச்சுமையாகப் பிரித்தால் 2,40,000 கூடை. கையில் இருந்தது 6 நாள். நாளுக்கு 40,000 கூடை. மதிலில் நின்ற 1,500 பேர் மட்டுமே சுமந்தார்கள் என்று கொண்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கூடை. மண்ணை வெட்டி, தண்ணீர் சேர்த்துக் குழைத்து, மிதித்து, படையாக ஏற்ற வேண்டும். அதே ஆட்கள் காவலுக்கும் நிற்க வேண்டும். சுற்று வட்டாரக் கிராமங்களின் ஆணும் பெண்ணும் கைகொடுக்காமல் இது முடிந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். கூலி பேசி வந்த வேலையுமல்ல இது. பிடிபட்டால் தூக்கு என்று தெரிந்தே வந்து மண் சுமந்திருக்கிறார்கள்.

அந்த மண்மதில் எத்தனை நாள் தாங்கியது? மார்ச் 31 அன்று நடந்த பெரிய தாக்குதல் தோற்றது. கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பீரங்கியும் கொண்டுவந்த பிறகு மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. சிறையுடைத்த நாளிலிருந்து 111 நாள். உள்ளே இறந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். கம்பெனி அதிகாரிகளின் கல்லறைகள் இன்றும் கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. மண் சுமந்தவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

அழித்த கணக்கு

கோட்டை இரண்டாம் முறை இடிக்கப்பட்டது. இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்க உத்தரவானது. 1801 நவம்பர் 16 அன்று ஊமைத்துரையும் இன்னொரு தம்பி செவத்தையாவும் அதே பாஞ்சாலங்குறிச்சி மண்ணில் கொல்லப்பட்டார்கள். 1802-இல் போராளிகள் 73 பேரைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். முத்தும் சங்கும் ஏறிய துறையில் மனிதர்கள் விலங்கோடு ஏறினார்கள்.

1839-இல் சென்னையில் கவர்னர் தாமஸ் மன்றோவுக்குக் குதிரைமேல் வெண்கலச் சிலை வைத்தார்கள். எடை சுமார் 6 டன். லண்டனில் சிற்பி சாண்ட்ரி வார்த்துக் கப்பலில் வந்தது. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய நீலுக்கும் மவுண்ட் ரோட்டில் சிலை எழுந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தபோது திருநெல்வேலிச் சீமை இளைஞர்களும் சிறை சென்றார்கள். ராஜாஜி ஆட்சிக்கு வந்த 1937-இல்தான் அது சாலையிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒரு சிலையை இறக்கப் பத்தாண்டு. இவ்வளவு காலமும் கட்டபொம்மன் கோட்டை இருந்த இடம் வெறும் மேடு.

நினைவின் செலவு

அரசு மறந்த காலத்திலும் சனங்கள் மறக்கவில்லை. கயத்தாற்றில் தூக்கு நடந்த இடத்தைக் கடந்தவர்கள் ஆளுக்கு ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள் என்றும், அங்கே ஒரு கற்குவியலே சேர்ந்தது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த நினைவுச்சின்னத்துக்கு ஆன செலவு பூஜ்ஜியம். ஒரு குனிவு, ஒரு கல். தமிழ்நாட்டில் கட்டபொம்மனுக்கு வைத்த சின்னங்களிலேயே இதுதான் மூத்தது.

அதன் பிறகு வந்தவை:

1968–69: பாஞ்சாலங்குறிச்சியில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு. அழித்து 167 ஆண்டு கழித்துப் பழைய அரண்மனையின் அடித்தளங்கள் வெளியே வந்தன.

1970: கயத்தாற்றில் சிலை. சிவாஜி கணேசன் தன் சொந்தப் பணத்தில் 47 சென்ட் நிலம் வாங்கி அமைத்தார். காமராஜர் தலைமையில் நீலம் சஞ்சீவ ரெட்டி திறந்துவைத்தார். தூக்கிலிட்டு 171 ஆண்டு ஆகியிருந்தது.

1974: மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை. சுவர்களில் வரலாற்று ஓவியங்கள், பக்கத்திலேயே குலதெய்வம் வீரசக்கதேவி கோயில்.

1999: இருநூறாம் நினைவாண்டில் இந்திய அஞ்சல் தலை.

2015: கயத்தாற்றில் அரசு மணிமண்டபம்.

இந்தப் பட்டியலில் என் மனதுக்கு நெருக்கமானது 47 சென்ட். சதுர அடியில் 20,473. பழைய கோட்டைப் பரப்பில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலையில் போகிறவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, நடந்துபோய் நிற்க அந்த இடம் போதும். ஒரு நடிகர் தான் ஏற்ற வேடத்துக்குப் பட்ட கடன் என்று கருதி நிலம் வாங்கிக் கொடுத்தது உலகத்தில் வேறெங்கும் அடிக்கடி நடப்பதில்லை. மதுரை பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் குதிரைமேல் வீற்றிருக்கும் கட்டபொம்மனை நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். சுற்றிலும் பேருந்தும் ஆட்டோவும் நெரிக்க, நின்று நிதானமாகப் பார்க்க இடமில்லை. சிலைக்கு வேண்டிய முதல் பொருள் நிற்பதற்கான தரை. வெண்கலம் அதற்குப் பிறகுதான்.

உயரத்தின் கணக்கு

சிலை என்றதும் எத்தனை அடி என்று கேட்பது நம் பழக்கமாகிவிட்டது. அதன் கணக்கையும் பார்த்துவிடலாம். வெண்கலச் சிலையை உள்ளே கூடாகத்தான் வார்ப்பார்கள். 8 அடி மனித உருவத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 4 சதுர மீட்டர். தகட்டுப் பருமன் 6 மில்லிமீட்டர் என்றால் உலோகம் 200 கிலோவை ஒட்டி வரும். உயரத்தை 16 அடியாக்கினால் பரப்பு நான்கு மடங்கு, உலோகம் 800 கிலோ. கெட்டியாக வார்த்தால் எட்டு மடங்கு. அதற்குத் தக்க உள்ளே இரும்புச் சட்டம், கீழே அடித்தளம், காற்று தாங்கும் ஏற்பாடு என்று செலவு உயரத்தைவிட வேகமாக ஏறும். 2000 ஜனவரி 1-இல் திறந்த கன்னியாகுமரி வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, எடை 7,000 டன். அதில் ஒவ்வொரு அடிக்கும் குறள் அமைப்பில் பொருள் உண்டு. கடல் நடுவே அது தகும். 2018-இல் திறந்த குஜராத்தின் பட்டேல் சிலை 182 மீட்டர், ஒப்பந்தத் தொகை 2,989 கோடி ரூபாய்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு உயரம் தேவையில்லை. அங்கே நடந்த அதிசயம் 12 அடி மண்மதில். அதை மிஞ்சும் எதை அங்கே நிறுத்தினாலும் கண் அதன்மேல் போகும். உண்மையான சின்னமாகிய தரை மறைந்துபோகும். 1974 கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் பலர். பழைய கோட்டை மேட்டில் வெளித்தெரியும் அடித்தளங்களைக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு மதிப்பீடு

ஆகவே நான் கேட்பது சின்ன வேலை. வெல்ஷ் தந்த அளவும் அகழாய்வில் கண்ட அடித்தளமும் ஒத்துப்போகும் கோட்டில், 1,600 அடிச் சுற்றிலும் 10 அடிக்கு ஒரு கல் நட வேண்டும். தொல்லியல் துறையின் மேற்பார்வையில், பழைய அடித்தளத்தைத் தொடாமல் சற்று வெளியே தள்ளி நடலாம்.

கற்கள்: 160.
ஒன்றின் அளவு: 1 அடிக்கு 1 அடி, நீளம் 3 அடி. பாதி மண்ணுக்குள், பாதி மேலே.
மொத்தக் கல்: 480 கன அடி.
எடை: கருங்கல் கன அடிக்கு 75 கிலோ வீதம் 36 டன்.
ஏற்றிவர: 10 டன் லாரியில் 4 நடை.

கூடவே வாசலில் ஒரே ஒரு கல்வெட்டு. அதில் புகழுரை எதுவும் வேண்டாம். இந்த எண்கள் போதும்: 3,310 வராகன் பாக்கி, 2,230 கட்டியது, 1,080 நிலுவை, குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்டும் 305 நாளில் தூக்கு, 6 நாளில் எழுந்த மதில், 111 நாள் போராட்டம், 73 பேர் பினாங்குக்கு. இறந்தவர்களில் பெயர் தெரிந்தவர்களை எழுதி, பெயர் தெரியாமல் மண் சுமந்தவர்களுக்கு என்று ஒரு வரி. இதற்குக் கோடிகள் வேண்டாம். ஒரு துறையின் அக்கறையும் ஒரு மாவட்டத்தின் விருப்பமும் போதும். சித்திரைக் கடைசி வெள்ளியில் வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்குக் கூடும் கூட்டம் ஆளுக்கு ஒரு கை கொடுத்தால் ஒரே நாளில் நட்டு முடிக்கலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ஒட்டப்பிடாரம் வந்து, வ.உ.சி. பிறந்த அந்த ஊரிலிருந்து 3 கிலோமீட்டர் போனால் பாஞ்சாலங்குறிச்சி. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் நினைவுக் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். பழைய மேட்டுக்கும் கூட்டிப் போங்கள். 1,600 அடி என்பது சாதாரண நடையில் 640 எட்டு. பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். நடந்து முடித்த பிறகு, இந்த நீளத்துக்கு 12 அடி உயரத்தில் 6 நாளில் மண்மதில் எழுப்பினார்கள் என்று சொல்லுங்கள். எவ்வளவு வரிக்காக இது நடந்தது என்று அவர்கள் கேட்டால், தொகையையும் சொல்லுங்கள்.